வசனப் பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் மதுரையில் ஒன்பது பேர் கொண்ட சிறிய நாடகக் குழு. ஆறு பேர் பெண்கள். ஆசிரியை, செவிலியர், வங்கி ஊழியர் என்று ஆளுக்கொரு வேலை; புதிதாகச் சேர்ந்தவள் மட்டும் கல்லூரிப் பெண். மாலையில் கூடி, ராத்திரி பத்து மணி வரை இயக்குநர் வீட்டு மாடியில் ஒத்திகை பார்ப்போம். ஒரு பெண் எழுத்தாளரின் நாடகத்தை இப்போது எடுத்திருக்கிறோம். கணவனை இழந்த ஒருத்தி, அவளுடைய மாமியார், கல்யாணத்துக்கு நிற்கும் மகள் ஆகிய மூவரும் வீட்டுப் பத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கப் பேசுவதுதான் கதை. எழுத்தாளர் போனில் "தாராளமா போடுங்கம்மா" என்றார். "முதல் ஷோவுக்கு வருகிறேன்" என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார். போன வாரம் ஒத்திகைக்கு வந்தவர், பார்வையாளர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும் என்று கடைசிக் காட்சியை நாங்கள் மாற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, இனி போடக் கூடாது என்கிறார். இதற்கிடையே, நாடகம் குடும்பப் பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்று பகுதிக்காரர்கள் சிலர் புகார் கொடுத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் முழு வசனப் பிரதியைக் கேட்கிறார்கள். ஆட்சேபமான காட்சிகளை நீக்கிவிட்டோம் என்று எழுதியும் கொடுக்கச் சொல்கிறார்கள். மண்டபக்காரர் போலீஸ் கடிதம் இல்லாமல் சாவி தர மாட்டார். டிக்கெட் 200 ரூபாய். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் போட்டால்? என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பெரும்பகுதி காவல் நிலையத்தைப் பற்றியது. எழுத்தாளரைப் பற்றி எழுதியிருப்பது கொஞ்சம்தான். எனக்கு அந்தக் கொஞ்சம்தான் கவலையாக இருக்கிறது. போலீஸ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். எழுத்தாளர் விஷயத்தில் சட்டம் அவர் பக்கம்.

முதலில் போலீசைப் பேசி முடித்துவிடுவோம். நாடகப் பிரதியை முன்கூட்டியே வாங்கிப் படித்து, ஆட்சேபம் என்று தோன்றினால் தடுக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் உண்மையிலேயே இருந்தது. 1876இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஒன்று. அப்புறம் 1954இல் சென்னை மாகாணம் தனக்கென்று இயற்றிக்கொண்ட சட்டம் ஒன்று. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை நிறுத்துவதற்காகத்தான் இரண்டாவது சட்டம் வந்தது என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 'பரீக்‌ஷா' குழுவை நடத்திய ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று தள்ளிவிட்டது. 1876ஆம் வருடச் சட்டத்தை நாடாளுமன்றமே 2018இல் நீக்கிவிட்டது. ஆகவே "பிரதியைக் கொடு, படித்துப் பார்த்துத்தான் அனுமதி" என்று சொல்ல இன்று எந்தச் சட்டமும் காவல் நிலையத்துக்குக் கைகொடுக்காது. உங்களைப் போல ஒரு சிறு குழுக்காரர் நீதிமன்றப் படியேறி வாங்கித் தந்த உரிமை அது. தயவுசெய்து அதைச் சும்மா விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

அதற்காகக் காவல் நிலையத்தையே ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கூட்டம், போக்குவரத்து, ஒலிபெருக்கி, பாதுகாப்பு எல்லாம் அவர்கள் வேலை. நாடகத்தின் பெயர், தேதி, நேரம், இடம், எத்தனை இருக்கை, பொறுப்பாளரின் கைப்பேசி எண் இவற்றை மட்டும் எழுதி ஒரு தகவல் கடிதம் தயாரியுங்கள். எதிர்ப்பு வரலாம் என்பதால் பாதுகாப்பு வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) காவல் ஆணையருக்கு அனுப்புங்கள். "நாலு பேர் கலாட்டா செய்வார்கள், அதனால் நீ நிறுத்து" என்று அரசு சொல்ல முடியாது. கலாட்டா செய்பவரைக் கட்டுப்படுத்துவதுதான் அரசின் கடமை என்று 1989இல் எஸ். ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தை ஒட்டி வந்த வழக்குதான். கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். தேதி நெருங்கிவிட்டது என்பதைக் காட்டி அவசரமாக எடுத்துக்கொள்ளக் கேட்கலாம்.

"நீக்கிவிட்டோம்" என்ற உறுதிமொழியில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். 2015 ஜனவரியில் நாமக்கல்லில், நாவல் ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தபோது, எழுத்தாளர் பெருமாள்முருகனை அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து எழுதி வாங்கினார்கள். அந்த மாதிரி ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று மறுவருடம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள், ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துப் போங்கள்.

மண்டபக்காரரிடம் முத்திரை விழுந்த நகலைக் காட்டுங்கள். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது ஒரு காகிதம்தான். அப்போதும் மறுத்தால், அவர் கொடுத்த முன்பண ரசீதில் போலீஸ் கடிதம் பற்றி நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒப்பந்தத்தை மீறுவது அவர்தான்.

சரி, இனி எழுத்தாளர் விஷயம்.

ஒரு நாடகத்தை மேடையேற்றும் உரிமை, 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுதியவருடையது. அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடங்களுக்கு வாரிசுகளிடம் இருக்கும். புத்தகமாக வந்த நாடகம் என்றால் உரிமைப் பக்கத்தைப் புரட்டுங்கள். "உரிமை: ஆசிரியருக்கு" என்று இருந்தால் அவரிடம் பேசினால் போதும். பதிப்பகத்தின் பெயர் இருந்தால், அவர் எந்தெந்த உரிமையை எழுதிக் கொடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 30ஆம் பிரிவு. போனில் "தாராளமா போடுங்கம்மா" என்றது மனதார வந்த சொல்லாக இருக்கலாம், ஆனால் அது எழுத்து ஆகாது. வாட்ஸ்அப் செய்தி கொஞ்சம் உதவும். 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவில் கையெழுத்து என்ற சொல் இல்லை. அதனால் செய்தியை வைத்து வாதாட இடமிருக்கிறது. அந்தப் போனை மாற்ற வேண்டாம், உரையாடலை அழிக்கவும் வேண்டாம். ஆனாலும், "முதல் ஷோவுக்கு வருகிறேன்" என்ற ஒரு வரியை நம்பி ஒரு நாடகத்தையே மேடையேற்ற நான் ஒப்ப மாட்டேன். எத்தனை ஷோ, எந்த ஊர், என்ன தொகை, எதுவுமே அதில் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் கடைசிக் காட்சி. மூலத்தில் கணவனை இழந்தவள் வீட்டுச் சாவியை மாமியார் மடியில் வைத்துவிட்டு வெளியேறுகிறாள், நீங்கள் மூவரையும் கட்டிப்பிடித்து அழ வைத்திருக்கிறீர்கள். பார்வையாளர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும் என்று செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எண்ணம் புரிகிறது. ஆனால் அந்த நாடகம் முழுவதும் அந்தச் சாவியை நோக்கித்தான் நகர்கிறது, இல்லையா? சட்டத்தின் 57ஆம் பிரிவு எழுத்தாளருக்கு ஒரு தனி உரிமை தருகிறது. தன் படைப்பைத் தன் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால், உரிமையை முழுதாக விற்ற பிறகும் அவர் தடுக்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். 1986இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி போட்ட வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அவர் நாவலைப் படமாக்கும் உரிமையை விற்றவர். அப்படியிருந்தும், கதையைத் திரித்துவிட்டார்கள் என்ற அவர் குறையை நீதிமன்றம் காது கொடுத்துக் கேட்டு, 57ஆம் பிரிவு அவருக்குப் பொருந்தும் என்றது. எழுத்தில் உரிமை கொடுத்தவருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், உங்கள் எழுத்தாளர் எதையும் எழுதிக்கூடக் கொடுக்கவில்லை.

அவர் மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தான் குடியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கலாம். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது இன்று பிரதியைக் கேட்க அதிகாரமில்லாத அதே காவல் நிலையம், நாளை எழுத்தாளர் புகார் கொடுத்தால் முறைப்படியே உங்கள் ஒத்திகைக்கு வரும்.

"டிக்கெட் இல்லாமல் போட்டால்?" என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. தொழில்முறை அல்லாத மன்றமோ சங்கமோ, பணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு நாடகம் நடத்தினால் அது மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் யட்சகான நாட்டிய நாடகங்கள் பற்றிய வழக்கில், இந்த விலக்கு பொருந்தும் சூழலில் தடையாணை குறுக்கே நிற்காது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் விலக்கு உங்களை முழுதாகக் காப்பாற்றாது. காட்சியை மாற்றும் உரிமையை அது தரவில்லை. யூடியூபில் ஏற்றுவதும் அதில் அடங்காது. நாடகம் முடிந்ததும் துண்டை ஏந்தி நன்கொடை கேட்டால், பணம் வாங்கவில்லை என்ற வாதமும் ஆட்டம் காணும். அதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் உரிமையைப் பேசும் நாடகத்தை, அதை எழுதிய பெண் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சட்டத்தின் சந்து வழியாகப் போய் மேடையேற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சொல்லும் வழி இதுதான். மூலக் காட்சியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுங்கள்: நாடகத்தின் பெயர், எத்தனை நிகழ்ச்சி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தெந்த ஊர், ஒரு நிகழ்ச்சிக்கு அவருக்கு என்ன தொகை, போஸ்டரில் அவர் பெயர் எங்கே வரும், எழுதிக் கேட்காமல் ஒரு வசனத்தையும் மாற்ற மாட்டோம் என்ற உறுதி. தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, அவசியம் எழுதுங்கள். 200 ரூபாய் டிக்கெட்டில் அவருக்கும் ஒரு பங்கு போவதுதான் நியாயம். நாடகத்தைப் படம் பிடிப்பதாக இருந்தால் அதற்கு அவருடைய அனுமதி தனி, நடிப்பவர்கள் ஒவ்வொருவரின் எழுத்துச் சம்மதமும் தனி. ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் 500 ரூபாய்க்கு மேல் போகாதவரை நாடகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அந்தக் கவலை வேண்டாம். காட்சிகளுக்கு நடுவே சினிமாப் பாட்டு ஒலிக்கிறது என்றால் அதற்கு உரிமம் வேண்டும். மூன்று வாரத்தில் அந்த அலைச்சலுக்கு ஒரு பறையோ புல்லாங்குழலோ போதும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ராத்திரி பத்து மணி வரை இயக்குநர் வீட்டு மாடியில் ஒத்திகை நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டம் சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்களையும் காக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில், புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம் இல்லை. மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். உங்கள் குழுவில் ஏதோ நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண்ணுக்கு அந்த உள்ளூர்க் குழு இருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஒத்திகை அட்டவணை ஒட்டும் சுவரிலேயே அந்த விவரத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுத்தாளர் வீட்டுக்குப் போங்கள். இயக்குநரும், மருமகளாக நடிக்கும் பெண்ணும் போனால் போதும். ஒப்பந்தத்தை எடுத்ததும் நீட்டாதீர்கள். முதலில் அந்தச் சாவிக் காட்சியை அவர் எழுதியபடியே அவர் முன்னால் நடித்துக் காட்டுங்கள். திங்கட்கிழமை காலையில் காவல் நிலையக் கடிதத்தோடு என்னைக் கூப்பிடுங்கள்.