அடுக்குக் கணக்கு: கடற்கரை வாசகர்களின் ஐயங்கள்

பாம்பனிலிருந்து ஒரு தாய்: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 2⁵ என்பதற்கு 10 என்று விடை எழுதுகிறாள். தவறு என்று தெரிகிறது; ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

பதில்: 2⁵ என்பதில் 2 அடிமானம், 5 அடுக்கு. அடிமானத்தை எத்தனை முறை எழுதிப் பெருக்க வேண்டும் என்பதையே அடுக்கு சொல்கிறது. அடுக்கால் அடிமானத்தைப் பெருக்குவதன்று. ஆகவே 2 × 2 × 2 × 2 × 2 = 32. வீட்டில் வலைக்கயிறு இருந்தால், இரு முனைகளும் சேரும்படி ஒரு முறை மடித்து மகளிடம் கொடுங்கள், இரண்டு இழை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து மறுபடி மடித்தால் நான்கு, பிறகு எட்டு, பதினாறு, ஐந்தாம் மடிப்பில் கைக்கு அடங்காமல் தடித்து நிற்கும் முப்பத்திரண்டு. இழைகளை அவளே ஒவ்வொன்றாக எண்ணட்டும். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்.

கீழக்கரை வாசகர்: அடுக்கு பூச்சியமானால் விடை 1 என்கிறார்களே, எப்படி? அடுக்கு குறை எண்ணானால் விடையும் குறை எண்ணாகுமா?

பதில்: அதே கயிற்றை மடிக்காமல் வைத்தால் எத்தனை இழை? ஒன்று. அதுவே 2⁰. கணக்கிலும் 2³, 2², 2¹ என அடுக்கு ஒவ்வொன்றாகக் குறையும்போது மதிப்பு 8, 4, 2 எனப் பாதியாகிறது. அடுத்த படி 1 ஆகத்தான் இருக்க முடியும். பூச்சியம் அல்லாத எந்த அடிமானத்துக்கும் இது பொருந்தும். இன்னும் கீழே இறங்கினால் 2⁻¹ அரை, 2⁻² கால், 2⁻³ அரைக்கால் (1/8), 2⁻⁴ வீசம் (1/16). நம் முன்னோர் இந்த நான்குக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் புழங்கியிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். பதினாறு பாகம் நீளமுள்ள கயிற்றை நான்கு முறை மடித்தால் இழைகள் 2⁴. ஒவ்வோர் இழையின் நீளமும் ஒரு பாகம், அதாவது முழுக்கயிற்றில் வீசம், 2⁻⁴. அடுக்கிலுள்ள குறைக்குறி வகுக்கச் சொல்கிறதே தவிர, விடையைக் குறை எண்ணாக்குவதில்லை.

தொண்டி மாணவர்: 2³ × 2² = 4⁵ என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

பதில்: தராதது சரியே. மூன்று மடிப்புக்குப் பின் இரண்டு மடிப்பு, மொத்தம் ஐந்து மடிப்பு, ஆகவே 2⁵. நீங்கள் எழுதிய 4⁵ என்பதோ 1,024. அடிமானம் ஒன்றானால் அடுக்குகளைக் கூட்டு என்ற விதியை மனப்பாடம் செய்பவர்களே இங்கு இடறுகிறார்கள் என்பதால், பெருக்கலை ஒருமுறை விரித்து எழுதிப் பார்க்காமல் விதியைத் தொடக்கூடாது என்பேன். கூட்டலுக்கு இத்தகைய விதியே கிடையாது: 2³ + 2² = 8 + 4 = 12.

ஏர்வாடி வாசகர்: −2⁴, (−2)⁴ இரண்டும் ஒன்றா?

பதில்: அல்ல. முன்னதில் அடுக்கு 2-க்கு மட்டுமே உரியது, விடை −16. பின்னதில் குறியும் அடைப்புக்குள் இருப்பதால் விடை 16.

மண்டபத்திலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். இதைச் சதுர மீட்டராக்கி 1.05 × 10⁷ என்று எழுதியது சரியா?

பதில்: கிலோமீட்டருக்கு 10³ மீட்டர் என்பது நீளத்துக்கு. பரப்பில் நீளம், அகலம் இரண்டையும் மாற்ற வேண்டும்; எனவே ஒரு சதுர கிலோமீட்டர் (10³)² = 10⁶ சதுர மீட்டர். 1.05 × 10⁴ × 10⁶ = 1.05 × 10¹⁰ என்பதே விடை. நீங்கள் அகலத்தை மாற்றாமல் விட்டதால், இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரை நீளும் காப்பகம் பத்தரைச் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது.