வாசகர் கேள்வி–பதில்: டெங்குவில் எந்த ‘டைப்’ என்று பார்க்க வேண்டுமா?

தங்கைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். லேபில் என்.எஸ்.1 பாசிட்டிவ். ‘இப்போது சுற்றுவது டைப் 2, அதுதான் ஆபத்து’ என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்கு எந்த டைப் என்று எங்கே பார்ப்பது?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பார்க்க வேண்டாம். தெரிந்தாலும் மருந்துச் சீட்டில் ஒரு வரிகூட மாறாது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. நான்கையும் ஏடிஸ் கொசுதான் பரப்புகிறது, நான்குக்கும் ஒரே மருத்துவம்தான். ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதம் ஒன்றைத் தேடும் என்.எஸ்.1 கார்டு, டெங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், வகையைச் சொல்லாது. வகை அறிய ஆர்.டி.பி.சி.ஆர். செய்ய வேண்டும். அதற்கும் காய்ச்சல் தொடங்கிய ஐந்து நாளுக்குள் எடுத்த ரத்தம் வேண்டும். பிறகு வைரஸ் ரத்தத்திலிருந்து மறையத் தொடங்கிவிடும்.

‘டைப் 2 மட்டும் ஆபத்து’ என்பதும் அரைகுறைப் பேச்சு. நான்கில் எதுவும் லேசாகவும் போகலாம், ஐ.சி.யூ. வரையும் கொண்டுபோகலாம். உங்கள் தங்கை விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி, இது அவளுக்கு எத்தனையாவது டெங்கு என்பதுதான்.

ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்றார்கள். 2017-இல் எனக்கு வந்தது. இரண்டாவது தடவை உயிருக்கே ஆபத்தாமே?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு ஏறக்குறைய ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்கள் தாங்கும், அவ்வளவுதான். ஆக, கணக்குப்படி நான்கு தடவை வரலாம்.

இரண்டாவது தடவை சிக்கல் ஏன்? முதல் காய்ச்சலில் உருவான எதிர்ப்புப்புரதம் புதிய வகையின்மேல் போய் ஒட்டும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்ய முடியாது. அப்படி ஒட்டியிருப்பதே வைரஸுக்கு வசதியாகிவிடுகிறது. நம் வெள்ளணுக்கள் எதிர்ப்புப்புரதத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும்போது வைரஸும் கூடவே போய்ப் பெருகுகிறது. கியூபாவில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். 1977-இல் அங்கே டைப் 1 பரவியது, பெரிய சேதமில்லை. 1981-இல் டைப் 2 வந்தபோது 158 பேர் இறந்தார்கள். தாயிடமிருந்து எதிர்ப்புப்புரதம் பெற்ற கைக்குழந்தைகளுக்கு முதல் டெங்குவே கடுமையாவதும் இதே காரணத்தால்தான்.

பயந்துவிடாதீர்கள். 2017-18-இல் நாடு முழுக்க நடந்த ஆய்வில், தென் மாநிலங்களில் 5 முதல் 45 வயதுள்ளவர்களில் சுமார் 77 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துபோன தடயம் ரத்தத்தில் இருந்தது. பலருக்கு வந்ததே தெரியாது. அதாவது நம் பக்கத்தில் பெரியவர் ஒருவருக்கு டெங்கு என்றால் அது இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகத் தேறிவிடுகிறார்கள். டாக்டரிடம் ‘முன்பு ஒருமுறை வந்திருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் அரசு லேபில் மட்டும் வகை பார்க்கிறார்களே, எதற்கு?
– வாசகர், லாஸ்பேட்டை

அது ஊருக்கான பரிசோதனை, நோயாளிக்கானது அல்ல. ஓர் ஊரில் சில ஆண்டுகள் ஒரே வகை ஓடினால் ஜனங்களிடம் அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அப்போது வேறு வகை தலைதூக்கினால் பாதிக்கப்படக்கூடியவர்கள் ஊர் முழுக்க இருப்பார்கள். சிங்கப்பூரில் 2013-இல் டைப் 2 பின்னுக்குப் போய் டைப் 1 முன்னுக்கு வந்தது. அந்த ஆண்டு 22,000-க்கும் மேல் நோயாளிகள். மாற்றம் முன்கூட்டியே தெரிந்தால் படுக்கை, ஆட்கள், மருந்து எல்லாம் தயார் செய்யலாம். நான்கும் ஒரே ஊரில் சேர்ந்து சுற்றுவதும் நமக்குப் புதிதில்லை; 1960-களிலேயே வேலூரில் நான்கையும் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஐந்தாம் நாள். என்.எஸ்.1 நெகட்டிவ். காய்ச்சலும் விட்டுவிட்டது. ஆனால் பிளேட்லெட் 62,000, வயிற்று வலி என்கிறார். டெங்கு இல்லை என்று விட்டுவிடலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

விடக்கூடாது. இதைப் படிக்கும்வரைகூடக் காத்திருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

இரண்டாவது டெங்குவில் பழைய எதிர்ப்புப்புரதம் என்.எஸ்.1-ஐச் சுற்றிக்கொள்வதால் கார்டில் கோடு விழாமல் போகும். புதிதாக உருவாகும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப்புரதமும் இவர்களுக்குக் குறைவாகவே ஏறும். ஐந்தாம் நாளுக்குமேல் ஐ.ஜி.எம். எலைசா என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதுவும் நெகட்டிவ் என்றால் ஓரிரு நாள் விட்டு மறுபடி. ரேபிட் கார்டு முடிவை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது எப்போதுமே தப்பு.

காய்ச்சல் விட்டதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. டெங்குவில் ஆபத்துக் காலமே அப்போதுதான் தொடங்கும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கியதிலிருந்து 24 முதல் 48 மணி நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். இதைக் காட்டிக்கொடுப்பது பிளேட்லெட்டைவிடப் பி.சி.வி.தான், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்ற அளவு. முதல் நாள் 38 இருந்தது 46-ஐத் தொட்டால் ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். 20 விழுக்காடு ஏற்றம். அதனால் முதல் ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், ஒப்பிட அதுதான் வேண்டும்.

விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிட்டுப் போவது, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, ஆள் சுருண்டு படுப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நடு ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிதான்.

பிளேட்லெட் எவ்வளவுக்குக் கீழே போனால் ஏற்ற வேண்டும்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்குப் பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் பேச்சே. ஏற்றியது ஒரு நாள்கூட நிற்காது. வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது நீர் கொடுப்பது: பெரியவருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். (இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த அளவு பொருந்தாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.) ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து டம்ளர் டம்ளராகக் கலக்காதீர்கள், உப்பு அளவு தப்பிவிடும், ஒரே தடவையில் லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. உடம்பு வலி தாங்கவில்லை என்று டைக்ளோஃபெனாக் ஊசி, புரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. ரத்தக்கசிவை அவை கூட்டும்.

புகை மருந்து அடித்துவிட்டுப் போகிறார்கள், கொசு குறையவே இல்லை. வெள்ளம் வந்த தெருவில் என்னதான் செய்வது?
– வாசகர்கள் சிலர், கடலூர் முதுநகர்

புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். ஏடிஸ் கொசு கட்டிலுக்கடியிலும் துணி மாட்டிய கொடியிலும் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டால் அதற்கும் பாதுகாப்பு. தேங்கிய சாக்கடை வெள்ளத்தில் பெருகுவது வேறு கொசு, அது டெங்கு தராது. வெள்ளம் முதலில் ஏடிஸ் புழுவை அடித்துக்கொண்டுதான் போகும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது கொட்டித் தீர்த்ததே, அதுபோன்ற மழைக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில்தான் கவனம் வேண்டும். கொட்டாங்குச்சி, டயர், உரல், மாடியில் போட்ட பெயின்ட் டப்பா, குழாய்த் தண்ணீர் வராத நாளுக்கென்று பிடித்துவைத்த டிரம் எல்லாம் அப்போதுதான் தெளிந்த நீரோடு நிற்கும்.

முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கொட்ட முடியாத தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து: ஒரு விழுக்காடு குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம். சம்ப் மூடியின் இடுக்கு, மாடி டேங்க்கின் காற்றுக்குழாய் இரண்டிலும் வலை கட்டுங்கள். ஃபிரிட்ஜின் பின்தட்டையும் பாருங்கள், பல வீடுகளில் அங்கேதான் புழு நெளிகிறது.

புதுச்சேரியில் டெங்கு பரப்பாத கொசுவை உருவாக்கியிருக்கிறார்களாமே?
– கல்லூரி மாணவி, ரெட்டியார்பாளையம்

உண்மைதான். இங்குள்ள ஐ.சி.எம்.ஆரின் நோய்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் வோல்பேக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியதாக 2022 ஜூலையில் அறிவித்தது. அந்த பாக்டீரியா உடலில் இருந்தால் நான்கு வகை டெங்கு வைரஸும் கொசுவுக்குள் சரியாகப் பெருகாது. முட்டை வழியாக அந்த பாக்டீரியா அடுத்த தலைமுறைக்கும் போகும். வகை மாறினாலும் வேலை செய்யும் என்பதுதான் இதன் சிறப்பு. தடுப்பூசிக்கு அந்தச் சௌகரியம் இல்லை, நான்குக்கும் சமமாக எதிர்ப்பு தர வேண்டும். முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு ஊசிக்குப் பின் வரும் டெங்கு கடுமையாகலாம் என்று தெரிந்ததால்தான் பிலிப்பைன்ஸில் பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்டுவந்த ஊசியை 2017 இறுதியில் நிறுத்தினார்கள்.