நெடுந்தூரம் ஓட்ட சைக்கிளுக்கு எந்த சீட் நல்லது? அதன் பின்னால் பை கட்டுவது எப்படி?

ஜெல் கவர் மட்டும் வாங்காதீர்கள். நேரான ஹாண்டில் உள்ள ஹைபிரிட் சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமைகளில் 40 கிலோமீட்டர் ஓட்டுவதாகவும், பாதி வழியிலேயே உட்கார முடியாமல் வலிப்பதாகவும், கடைக்காரர் மெத்தென்று ஒரு கவர் போட்டுக்கொள்ளச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டியூபும் சாமான்களும் வைக்க சீட்டுக்குப் பின்னால் ஒரு பையும் வேண்டும் என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள், ஏனென்றால் சில பைகள் சில சீட்டுகளில்தான் ஒழுங்காக உட்காரும்.

முதலில் வலி. கெட்டியான பெஞ்சில் உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள், இரண்டு பக்கமும் இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். சைக்கிளில் உங்கள் எடையைத் தாங்க வேண்டியவை அவைதான். சீட் குறுகலாக இருந்தால் அந்த எலும்புகள் ஓரத்தில் வழுக்கிவிடும், எடை மொத்தமும் நடுவில் இருக்கும் மெல்லிய சதையில் இறங்கும், அங்கே ஓடும் நரம்பும் ரத்தக் குழாயும் அழுந்தும். கொஞ்ச நேரத்தில் மரத்துப்போவது அதனால்தான். தடிமனான ஜெல்லிலும் இதே கதைதான்: எலும்பு கீழே அமுங்க அமுங்க நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, எங்கே அழுத்தம் கூடாதோ அங்கேயே அழுத்தும். கடை வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

ஆகவே பார்க்க வேண்டியது அகலம். இதற்குக் கடையில் காசு கொடுத்து அளக்க வேண்டியதில்லை. பார்சல் வரும் அட்டைப்பெட்டியின் உள்ளே நெளி நெளியாக இருக்குமே, அந்த அட்டையில் ஒரு துண்டை மாடிப்படியில் வைத்து, மெல்லிய துணி உடுத்தி அதன்மேல் உட்காருங்கள், குதிகாலை லேசாகத் தூக்கி, ஹாண்டில்பாரைப் பிடிப்பதுபோலக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். ஒரு நிமிடம் கழித்து எழுந்து அட்டையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும், தெரியாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை அளந்து, நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் என்றால் 2 செ.மீ., உங்களைப்போல ஹைபிரிட்டில் ஓரளவு நிமிர்ந்து ஓட்டுபவர் என்றால் 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். 12 செ.மீ. வந்தால் 15 செ.மீ. அகலமுள்ள சீட் தேடலாம். பெண்களுக்குப் பொதுவாக இந்த இடைவெளி கொஞ்சம் அதிகம், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் பெட்டியில் ஆண் பெண் என்று போட்டிருப்பதை நம்பாமல் அட்டையை நம்புங்கள்.

அந்தக் காலத்து இருபத்தியாறு இஞ்சு சைக்கிளில் ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் இருந்ததே, அது சொகுசாகத்தானே இருந்தது என்று அப்பாக்கள் கேட்பார்கள். உண்மைதான், முதுகை நேராக வைத்து நிதானமாக மிதிக்கும் சைக்கிள் அது. அதே சீட்டை வளைந்த ஹாண்டில் உள்ள ரோடு பைக்கில் போட்டால் தொடை இரண்டும் உரசிப் புண்ணாகும்.

புது சீட் வாங்குமுன் இருக்கும் சீட்டின் உயரத்தையும் சாய்வையும் ஒருமுறை சரிபாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் மரத்துப்போகும், ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் உடம்பு முன்னால் சரிந்து கையும் மணிக்கட்டும் வலிக்கும். மட்டமாக வைத்துத் தொடங்கி, ஆலன் கீயால் (ஆறு பக்கமுள்ள வளைந்த சாவி) துளித் துளியாக மாற்றுங்கள். பலருக்கு இதிலேயே பாதி வலி போய்விடும்.

தோல் சீட் பற்றி ஒரு வார்த்தை, எனக்குப் பிடித்த விஷயம் என்பதால். பர்மிங்காமில் 1866இல் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனி 1882இல் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கியது, அவர்களுடைய பி17 நூறு வருடங்களுக்கு மேலாக இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதில் பஞ்சு, ஜெல் எதுவும் கிடையாது, கயிற்றுக் கட்டில்போல முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தடித்த தோல், அவ்வளவுதான். ஓட்ட ஓட்ட எலும்பு படும் இடத்தில் குழி விழுந்து உங்களுக்கென்று ஆகிவிடும். ஆனால் மழையில் ஊறிய தோலின்மேல் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் சீட்டின்மேல் போட ஒரு பிளாஸ்டிக் உறை கையிலேயே இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்புக்கு நேரம் இல்லை என்றால் நடுவில் பள்ளமோ துளையோ உள்ள, கெட்டியான சாதா சீட்டே போதும், வாரம் 40 கிலோமீட்டருக்கு அது தாராளம்.

இப்போது பை. தோல் சீட்டுகள் பலவற்றின் பின்பக்கம் இரும்புச் சட்டத்திலேயே இரண்டு வளையங்கள் இருக்கும், பெரிய பையைத் தொங்கவிடுவதற்கென்றே வைத்தவை. இங்கிலாந்தின் லங்காஷயரில் நெல்சன் என்ற ஊரில் கேரடைஸ் என்ற கம்பெனி 1930களிலிருந்து தடித்த பருத்திக் கேன்வாஸில் இந்த மாதிரிப் பை தைக்கிறது. பைக்குள் மேல்பக்கத்தில் குறுக்கே ஒரு மரக்குச்சி இருக்கும், தோல் வார்கள் அதைச் சுற்றி வந்து சீட் வளையத்தில் மாட்டும், அதனால்தான் பாரம் ஏற்றினாலும் பை நடுவில் தொங்கிப்போகாது. ஒரே சங்கடம், சீட்டுக்கும் டயருக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும். உயரம் குறைந்தவர்களின் சிறிய ஃபிரேமில் ஒரு சாண் இடம்கூட இருக்காது, அங்கே இந்தப் பை மட்கார்டில் உட்கார்ந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது அரை லிட்டர், ஒரு லிட்டர் கொள்ளும் சின்னப் பை. அதில் இரண்டு பட்டைகள் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் கம்பிகளைச் சுற்றியும் மூன்றாவது பட்டை சீட்டைத் தாங்கும் குழாயான சீட் பில்லரைச் சுற்றியும் வரும். வெறும் பையை மாட்டிவிட்டு அப்புறம் சாமான் திணிக்காதீர்கள், முதலில் நிரப்புங்கள். டியூபை ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஆலன் கீ உரசி உரசி, பஞ்சரான அன்றைக்குத்தான் ஸ்பேர் டியூபிலும் ஓட்டை இருப்பது தெரியும். அதோடு டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், பஞ்சர் பேட்ச், கொஞ்சம் பணம். பம்பை இதில் திணிக்க வேண்டாம், பாட்டில் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அதற்கென ஒரு கிளிப் கிடைக்கும்.

நிரப்பிய பையை சீட்டின் அடிப்பாகத்தோடு ஒட்டும்படி மேலே தூக்கிப் பிடித்து, கம்பிப் பட்டைகளை முதலில் இறுக்கி, பில்லர் பட்டையைக் கடைசியில் இறுக்குங்கள். பின்னாலிருந்து கையால் ஆட்டிப் பாருங்கள், பை மட்டும் ஆடினால் இன்னும் தளர்வு இருக்கிறது, சைக்கிளே சேர்ந்து ஆட வேண்டும். பில்லரில் வெல்க்ரோவின் சொரசொரப்பான முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தொடையில் உரசி டிரவுசரைப் பிய்த்துவிடும், உள்பக்கம் மடித்து ஒட்டுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பி கார்பன் ஃபைபரில் செய்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் கனமான பை தொங்கவிடக் கூடாது, பட்டை உரசும் இடத்தில் தேய்மானம் வரும். பின்பக்க சிவப்பு விளக்கு பில்லரில் இருந்தால் பை அதை மறைக்கும், விளக்கைப் பையின் பின்னால் உள்ள பட்டையில் மாற்றிச் செருகுங்கள்.

புது நைலான் பட்டை முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.