வாசகர் கேள்வி: செம்பன்றியும் உயிரியல் பூங்காவும்

கேள்வி: மகளின் விலங்குப் புத்தகத்தில் செந்நிறக் காட்டுப்பன்றி ஒன்றின் படத்தைப் பார்த்தோம். ஆப்பிரிக்கப் பன்றிகளை உயிரியல் பூங்காக்களில் வளர்ப்பது இனப் பாதுகாப்பு ஆகுமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: நீங்கள் பார்த்தது ‘ரெட் ரிவர் ஹாக்’ என்னும் பன்றி. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழும் இதற்கு முதுகு நெடுக வெண்கோடும், காது நுனியில் நீண்ட மயிர்க்குஞ்சமும் உண்டு. குட்டிகளோ வெள்ளரிப்பிஞ்சைப் போல உடலெங்கும் வரிகளோடு பிறந்து, வளர வளர அவற்றை இழக்கும். இறைச்சிக்காக மிகுதியாக வேட்டையாடப்பட்டாலும், இது இன்னும் அருகிவிடவில்லை. ஆகவே பூங்காக்களில் திட்டமிட்டு இனப்பெருக்கம் செய்வது உடனடி மீட்பு அன்று, முன்னெச்சரிக்கையே. காட்டில் வேட்டை குறையாமல் அது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

ஆப்பிரிக்காவின் இன்னொரு பன்றியான, 1904இல்தான் அறிவியல் பெயர் பெற்ற ராட்சதக் காட்டுப்பன்றி, 200 கிலோவைத் தாண்டி வளரும் உடலோடு இருந்தும், பூங்காக்களில் அரிதாகவே வளர்க்கப்பட்டுள்ளது.

வளர்ப்பு உண்மையில் ஓர் இனத்தைத் தாங்கிப்பிடித்ததற்குச் சான்று நம் அசாமிலேயே இருக்கிறது. மானஸ் காட்டில் 1996இல் பிடிக்கப்பட்ட சில குள்ளப்பன்றிகளிலிருந்து தொடங்கிய இனப்பெருக்க மையம், 2008 முதல் அவற்றின் வழித்தோன்றல்களைப் புல்வெளிகளில் விடுவித்து வருகிறது. ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றிகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல், எதிர்ப்புத்திறன் இல்லாத இந்தச் சிறிய உயிர்களுக்குப் பேராபத்து என்பதால், அம்மையத்தில் நோய்த்தடுப்புக்கு மிகுந்த கவனம் தேவைப்படுகிறது.