ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு சொல்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சேர்,

மூதூரிலிருந்து எழுதுகிறேன். உங்களிடம் உயர்தர உயிரியல் படித்தவள், இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. போன மாதம் கோடோன்கள் (புரதத்தின் அலகான அமினோ அமிலங்களைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள்) பற்றிய கட்டுரையில், "ஒரே அமினோ அமிலத்தைக் குறிக்கும் கோடோன்களில் எது இருந்தாலும் கலத்துக்கு ஒன்றுதான்" என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் முலையூட்டிகளில் சேர்ந்து வேலை செய்யும் பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) ஒரே மாதிரியான கோடோன்களைப் பயன்படுத்துகின்றன என்றும், அதை வைத்துக் கலம் (செல்) அவற்றை ஒன்றாகக் கூட்டிக் குறைக்கிறது என்றும் வாசித்தேன். அப்படியென்றால் நீங்கள் எழுதியது பிழையா? வாப்பாவுக்கு இதை விளக்கப் போனேன். "இரண்டுக்கும் ஒரே பொருள் என்றால் எதற்கு மகள் இரண்டு சொல்?" என்று கேட்டார். பதில் வரவில்லை.

பெயர் வேண்டாம் சேர்.
பழைய மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,

பிழைதான். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிக் கைக்குப் பழகிவிட்ட வசனம் அது. கோடோன்கள் 64, அதில் 3 நிறுத்தற்குறி, மிச்சம் 61, அமினோ அமிலமோ 20. லியூசினுக்கு ஆறு கோடோன், மெதியோனினுக்கு ஒன்றே ஒன்று. மூன்றாம் எழுத்து மாறினாலும் பெரும்பாலும் அமினோ அமிலம் மாறாது, ஆகவே கவலையில்லை, அடுத்த பக்கம். உங்களுக்கும் அப்படித்தான் படிப்பித்தேன். பரீட்சைக்கு அது போதும், கலத்துக்குப் போதாது.

புரதம் கட்டும் இறைபோசோம், பரம்பரையலகின் நகலான தூது ஆர்என்ஏயை மும்மூன்று எழுத்தாக (எழுத்துகள் ஏ, யு, ஜி, சி நான்குதான்) வாசித்துப் போகும்போது, அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து கொடுப்பது இடமாற்று ஆர்என்ஏ. வகுப்பில் அதைக் 'காவி' என்போம், நினைவிருக்கும். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே காவுதல் என்றால் சுமத்தல். உடுப்பு நிறத்தை நினைக்க வேண்டாம்.) எல்லாக் காவிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு கோடோனுக்குக் காவி உடனே வரும், அதே பொருளுள்ள இன்னொன்றுக்கு இறைபோசோம் காத்து நிற்கும். ஈ.கோலை பற்றீரியாவில் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துவதை 1981இல் தோஷிமிச்சி இக்கெமுரா காட்டினார். அதிகம் தேவைப்படும் புரதங்கள், அதிகம் உள்ள காவிகளுக்கேற்ற கோடோன்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

முலையூட்டியில்தான் சிக்கல்.

போன கிழமை இங்கே திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் ஒரு கலைமான் நின்றது. கொம்பில் இன்னும் தோல் உரியவில்லை, நுனி உருண்டு, மெல்லிய மயிர் போர்த்தி, தொட்டால் சுடும் போலிருந்தது. சோற்றுப் பார்சல் சுற்றிய தாளை மென்றுகொண்டிருந்தது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் கோபம்தான் வரும், விடுவோம். மான் கொம்பு மாட்டுக் கொம்பு போல் இல்லை. முழுக்க எலும்பு, விழுந்து திரும்ப முளைப்பது. நுனியில் கலங்கள் விறுவிறென்று பெருகுகின்றன. கொஞ்சம் கீழே, அதே கொம்பில், பெருகுவதை நிறுத்தி எலும்பாகின்றன. சாண் தூரத்துக்குள் இரண்டு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஏராளமான பரம்பரையலகுகள் சேர்ந்து எழும்ப வேண்டும், சேர்ந்து அடங்க வேண்டும். (முலையூட்டிக் கோடோன் ஆய்வுகளை மானில் செய்ததாக எண்ண வேண்டாம். அவை மனிதக் கலங்களிலும் எலிகளிலும் நடந்தவை. மான் கண்முன்னால் நின்றது, அவ்வளவுதான்.)

நீங்கள் வாசித்த கதை 2014இல் ஹிலா ஜின்கோல்ட், யிட்சாக் பில்பெல் குழுவினர் சொன்னதை ஒட்டியதாக இருக்க வேண்டும். கலம் பெருகுவதற்கான பரம்பரையலகுகளில் ஏ அல்லது யு எழுத்தில் முடியும் கோடோன்கள் கூடுதல். ஒரு வேலைக்கென்று கலம் தேர்ச்சி பெறுவதற்கானவற்றில் ஜி அல்லது சியில் முடிபவை கூடுதல். பெருகும் கலத்தில் முதல் வகைக்கான காவிகள் எழும்புகின்றன, தேர்ந்த கலத்தில் அவை அடங்குகின்றன. காவிகளை மாற்றினால் போதும், ஒரு கூட்டம் முழுவதும் ஒன்றாக அசையும். முதலில் வாசித்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

ஆனால் 2016இல் டங்கன் ஓடம், ஜோன் மரியோனி, கிளாவ்டியா குட்டர் ஆகியோரின் குழு பலவகை முலையூட்டிக் கலங்களை எடுத்துப் பார்த்தபோது, கல நிலை மாறியதற்கேற்ப கோடோனுக்கும் காவிக்கும் உள்ள பொருத்தம் மாறவில்லை. அடுத்த வருடம் பிரான்சில் லோரன்ட் டியூரே முதலானோர் வேறு விளக்கம் தந்தார்கள். முட்டையும் விந்தும் உண்டாகும் ஒடுக்கற்பிரிவில் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) துண்டுகளை மாற்றிக்கொள்ளும் இடங்களில் எழுத்துகள் பொருந்தாமல் போனால், திருத்தும் பொறிமுறை ஜி, சி பக்கம் சற்றுச் சாய்கிறது. கோடிக்கணக்கான வருடம் இது நடந்தால் அந்தப் பகுதி முழுக்க ஜியும் சியும் சேர்ந்துவிடும். புரதத்துக்கு வேண்டாத பக்கத்து டிஎன்ஏயிலும் அதே சாய்வு இருக்கிறது பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய துப்பு. ஒடுக்கற்பிரிவின்போது நன்றாக இயங்கும் பரம்பரையலகுகளில் இந்த மாற்றிக்கொள்ளல் குறைவு, ஆகவே ஜி, சியும் குறைவு. பெருகலுக்கான பரம்பரையலகுகள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. ஆக, அந்த ஒற்றுமை வேலையால் வந்ததல்ல, ஒடுக்கற்பிரிவு விட்ட தடம் என்கிறார்கள்.

உங்கள் வாப்பாவின் கேள்வியிலேயே உதாரணம் இருக்கிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நீங்கள் 'வாப்பா' என்கிறீர்கள், எங்கள் தெருவில் 'அப்பா'. திருகோணமலைக் கடற்கரையில் ஒரு நாள் நின்று எண்ணிப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், மீன் தொழில் செய்பவர்கள் வாயில் 'வாப்பா' அதிகம் வருகிறது, ஆகவே அது மீன் தொழிலுக்கென்று உண்டான சொல் என்று எழுதினால் சிரிப்போமா இல்லையா? எண்ணிக்கை சரியாக இருக்கலாம், காரணம்தான் பிழை. பேசுகிறவர் எங்கே பிறந்தார் என்பதைச் சொல்லும் சொல் அது.

உங்கள் வேலைக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஈமோகுளோபினுக்கு அல்பா, பீற்றா இரண்டு குளோபினும் சம அளவில் வேண்டும். சமநிலை கெட்டால் தலசீமியா என்ற இரத்த நோய். முலையூட்டியில் இதைவிட இறுக்கமாகச் சேர்ந்து ஓட வேண்டிய சோடி அரிது. ஆனால் மனிதனில் அல்பா இருப்பது 16ஆம் நிறமூர்த்தத்தில், ஜி, சி நிறைந்த அயலில். பீற்றா 11இல், ஏ, ரி கூடிய அயலில் (டிஎன்ஏயில் யுவுக்குப் பதில் ரி). கோடோன் பழக்கமும் அதற்கேற்ப வேறு வேறு. சேர்ந்து ஓட ஒரே கோடோன் பழக்கம் கட்டாயம் என்றால் இவை இரண்டும் எப்படிச் சேர்ந்து ஓடுகின்றன?

சரி, அப்போது கோடோனால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, அது இப்போது என்ன செய்கிறது என்பது இன்னொன்று. கடற்கரையில் ஒரு பிள்ளை 'வாப்பா!' என்று கத்தினால் ஒரு கூட்டம் ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். 'அப்பா!' என்றால் இன்னொரு கூட்டம்.

கலத்தில் அப்படித் திரும்பிப் பார்ப்பது தூது ஆர்என்ஏயின் ஆயுள். இறைபோசோம் அடிக்கடி தயங்கும் தூது சீக்கிரம் சிதைக்கப்படுகிறது. இதை 2015இல் ஜெஃப் கொலர் குழு மதுவத்தில் (ஈஸ்ட்) காட்டியது. மனிதக் கலங்களிலும் ஆயுளுக்கும் கோடோனுக்கும் தொடர்பு உண்டென்று 2019இல் வெவ்வேறு ஆய்வுகூடங்கள் சொல்லின. ஜி, சியில் முடியும் கோடோன்கள் கூடியவை பொதுவாக நீடிக்கின்றன, மற்றவை வேகமாகப் போகின்றன. ஆகவே ஒரே பழக்கமுள்ள நூற்றுக்கணக்கான தூதுகளின் ஆயுள், யாரும் ஏற்பாடு செய்யாமலே, ஒரே திசையில் கூடலாம், குறையலாம். ஒருங்கிணைப்பு என்று நான் ஏற்றுக்கொள்வது இந்த அளவுக்குத்தான்.

தனி ஒரு பரம்பரையலகில் விளைவு இன்னும் கூர்மை. புற்றுநோயில் அடிபடும் கேராஸ், எச்ராஸ் என்ற பரம்பரையலகுகள் இரண்டின் புரதங்களும் கிட்டத்தட்ட இரட்டையர். ஆனால் கேராஸில் அரிய கோடோன்கள் நிறைய, புரதம் குறைவாகவே உண்டாகிறது. 2013இல் கிறிஸ்டோபர் கவுன்ரர் குழு அமினோ அமிலம் எதையும் மாற்றாமல், அவற்றைப் பழக்கமான கோடோன்களாக்கியது. புரதம் கூடியது. பிறகு எலியிலும் அந்தப் பரம்பரையலகின் ஒரு பகுதியை அப்படி மாற்றி, புற்று உண்டாக்கும் இரசாயனத்தைக் கொடுத்தார்கள். கட்டிகள் பெருகும் என்றுதானே நினைப்பீர்கள்? குறைந்தன. கேராஸ் மிதமாக இருப்பதே கட்டி தொடங்க வசதி போலும்.

வாப்பாவுக்குச் சொல்லுங்கள்: பொருள் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆயுள் வேறு, வேகம் வேறு. இரண்டு சொல் எதற்கு என்றால், பெரும்பாலும் எதற்கும் இல்லை, அயல் அப்படி. வந்த பிறகு கலம் அதையும் வீணாக்கவில்லை.

பழைய கட்டுரையில் 'கலத்துக்கு ஒன்றுதான்' என்பதை 'அமினோ அமில வரிசைக்கு ஒன்றுதான்' என்று திருத்திவிட்டேன். அடியில் 'மூதூர் வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியது' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். பெயர் போடவில்லை.

அன்புடன்,
சேர்