காலி மனையும் சொந்த ஊரும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் ஒரு புறநகரில் பிறந்து வளர்ந்தவன். கிராமத்திலிருந்து வந்தவர்களும் நகரத்தின் நடுவே வளர்ந்தவர்களும் தங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது, எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அண்மையில் இளமைக்கால நண்பர்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்தேன். நான்கு மணி நேரப் பேச்சும் ஒரு காலி மனையைச் சுற்றியே நடந்தது. அங்கே நின்றது என்ன மரம் என்பதில்கூட எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. வரலாறும் அடையாளமும் இல்லாத ஓர் இடத்தைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்வது வெறும் ஏக்கம்தானா?

ர.

அன்புள்ள ர.,

புறநகரில் வளர்ந்தவர் எவரிடம் பேசினாலும் ஒரு காலி மனை வந்துவிடுகிறது. அது தற்செயல் அல்ல. கிராமமும் பழைய நகரமும் நாம் பிறக்கும் முன்பே முழுமையாக இருந்தவை. அங்கே தெருவுக்குப் பெயர் உண்டு, வீட்டுக்குக் கதை உண்டு, குழந்தை அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. புறநகரிலோ குழந்தைக்கும் ஊருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து குடியேறிய பெற்றோர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பகல் முழுவதும் அவர்களில் பலருடைய வேலை வேறெங்கோ இருக்கிறது. எந்த வேலியின் இடைவெளி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் விடும், எந்த வீட்டு நாய் குரைக்க மட்டும் செய்யும் என்பதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். பெரியவர்கள்கூட ‘இன்னாருடைய அம்மா’, ‘இன்னாருடைய அப்பா’ என்றே ஒருவருக்கொருவர் அறிமுகமானார்கள். ஆகவே வரலாறு இல்லாத இடத்தில் வளர்ந்தோம் என்று நீங்கள் குறைப்பட வேண்டியதில்லை. அந்த ஊரின் முதல் வரலாறு நீங்கள்தான்.

என் நினைவில் இன்றும் தெளிவாக இருப்பது ஒரு சிமென்ட் தளம். எங்கள் பக்கத்து மனையில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு மாலையில் வாசல் தளம் பூசி முடித்ததும், ஈரம் காய்வதற்குள் நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உள்ளங்கையைப் பதித்துவிட்டு ஓடினோம். கொத்தனார் அவற்றையெல்லாம் தேய்த்துச் சமன்செய்துவிட்டு, மூலையில் இருந்த இரண்டை மட்டும் விட்டுவைத்தார். ஒன்று அவருடைய மகளின் கை, மற்றது என்னுடையது. அதன்பின் அந்த வழியே போகும்போதெல்லாம் குனிந்து என் கையை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு கட்டத்தில் விரல்கள் வெளியே நீண்டுவிட்டன. பிறகு அந்தத் தளத்தின் மேல் ஓடு பதித்துவிட்டார்கள்.

ஏக்கம்தானா என்று கேட்கிறீர்கள். ஓரளவு ஆம். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்கு உட்பட்டவையே மிகுதியாக வருகின்றன என்று நினைவாற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஈர்ப்பில் வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-இல் முன்வைத்த கருத்து இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது: தனிமனிதரின் நினைவும் அவர் சார்ந்த குழுவின் துணையால்தான் நிலைக்கிறது. மரம் எது என்று நீங்கள் சண்டையிட்டதே அந்தத் துணைதான். வேறு யாரோடு உங்களால் அந்த மரத்துக்காகச் சண்டையிட முடியும்?

ஆயினும் ‘நாங்கள் எல்லோரும்’ என்று சொல்லும்போது ஒரு கவனம் தேவை. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலத்தில் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளுடன் லெவிட்டவுன் என்ற புறநகர் எழுந்தது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் என்றுதான் அதைப் பலரும் குறை கூறினார்கள். என்னை உறுத்துவது அதுவல்ல. வெள்ளையர் அல்லாதோர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று தொடக்ககால ஒப்பந்தங்களிலேயே எழுதிவைத்திருந்தார்கள். அங்கே வளர்ந்தவர்களின் இனிய பொது நினைவு, உள்ளே விடப்படாதவர்களைத் தவிர்த்துவிட்டு உருவானது. எழுதிவைக்காமலும் இது நடக்கும்.

அடுத்த முறை கூடும்போது அந்த மரத்தின் வழக்கைத் தொடருங்கள். கூடவே, அந்த மனையில் உங்களோடு விளையாடி, இன்று எவர் பேச்சிலும் வராதவர்கள் யார் என்றும் கேட்டுப் பாருங்கள். என் கைக்குப் பக்கத்தில் கை பதித்த அந்தப் பெண் அந்த மனையிலேயே ஒரு தகரக் கொட்டகையில் ஏழெட்டு மாதங்கள் இருந்தாள். தினமும் எங்களோடு விளையாடினாள். வீடு முடிந்ததும் அவர்கள் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். அவளுடைய சிறுவிரல் சற்று வளைந்து பதிந்திருந்தது நினைவிருக்கிறது. பெயர் நினைவில்லை.

அன்புடன்.