அலுவலகத்தில் ஊக்கப் பேச்சு மனிதர்களை எப்படி நெருங்க வைக்கிறது?

கேட்பவருக்கு 'நம்மாலும் முடியும்' என்ற தெம்பைத் தருகிற பேச்சுதான் ஊக்கப் பேச்சு. மேடையும் மைக்கும் கட்டாயமில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் பேசும் ஐந்து நிமிடமும் இதில் சேரும்.

நெருக்கம் வருவது, பேசுகிறவர் தன் சறுக்கலை ஒளிக்காமல் சொல்லும்போது. "தப்பான ஃபைலை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், இடைவேளையில் யாராவது பக்கத்தில் வந்து, "எனக்கும் இப்படி ஒன்று நடந்தது" என்று மெதுவாக ஆரம்பிப்பார். உறவு முளைப்பது அங்கேதான்.

1966-இல் உளவியலாளர் எலியட் ஆரன்சனும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாவில் அசத்திய ஒருவர் தன்மேல் காபியைக் கொட்டிக்கொண்டதை ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கு, அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டியபோதோ, இருந்த மதிப்பும் இறங்கியது. (ஆக, வேலையும் தெரிந்திருக்க வேண்டும்!)

சறுக்கலை மறைத்துப் பேசுவது, வந்தவரைப் பூட்டிய வீட்டு வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுவது போல; எவ்வளவு பேசினாலும் அவர் வெளியாள்தான். கதவைத் திறந்து, உள்ளே கலைந்து கிடப்பதையும் பார்க்கவிட்டால் சகஜமாக உட்காருவார்.

இதற்கு உரத்த குரலும் அடுக்குமொழியும் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திக்கித் திணறிப் பேசுகிறவருக்கும் இது நன்றாகவே கைகூடும்.